‘வீண்’ ஓட்டு

கே: நான் ஓட்டுப் போட்ட கட்சி ஜெயித்தால் ஜனநாயகம் நன்றாக நடப்பதாகத் தோன்றுகிறது. தோற்றால் எதிலும் நம்பிக்கை இல்லை. எனக்கு மட்டும்தானா இப்படி? தோற்ற கட்சிக்குப் போட்ட ஓட்டு வீண்தானே?
- வாசகர், மன்னார்குடி

ப: உங்களுக்கு மட்டுமில்லை. பல நாட்டுக் கருத்துக்கணிப்புகளிலும் ஜெயித்தவர் பக்கம் நின்றவர்களே ‘ஜனநாயகத்தில் திருப்தி’ என்று அதிகம் சொல்கிறார்கள். அது இருக்கட்டும். அந்த ‘வீண்’தான் எனக்கு ஆகவே ஆகாத சொல்.

செல்லாத ஓட்டு உண்டு. வீண் ஓட்டு என்று சட்டத்தில் ஒன்று கிடையாது. செல்லும் ஓட்டுகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டினால் தோற்றவருக்கும் டெபாசிட் திரும்பி வரும். (நோட்டா இந்தக் கணக்கில் சேராது.) மாநிலத்தில் 8 சதவீத ஓட்டு வாங்கினால், ஒரு தொகுதிகூட ஜெயிக்காமலே மாநிலக் கட்சி அங்கீகாரம் கிடைக்கும். 2024 மக்களவைத் தேர்தலில் நாம் தமிழர் கட்சி அப்படித்தான் அங்கீகாரம் பெற்றது. அத்தனையும் தோற்ற ஓட்டு!

உங்கள் ஆற்றாமைக்கு நியாயமான காரணம் வேறு. 2014-ல் தமிழ்நாட்டில் அ.தி.மு.க. 44 சதவீதத்துக்குச் சற்று மேல் வாங்கி, 39-ல் 37 இடங்களைப் பிடித்தது. தி.மு.க. 23 சதவீதத்துக்கு மேல் வாங்கியும் பூஜ்யம். ஓட்டை இடமாக மாற்றும் இடத்தில்தான் கோளாறு. நியூசிலாந்தில் 1978, 1981 இரண்டு தேர்தல்களிலும் தொழிற்கட்சி அதிக ஓட்டு வாங்கியது. ஆட்சியோ நேஷனல் கட்சிக்குப் போனது. அந்தக் கசப்பும் சேர்ந்து, 1993 பொதுவாக்கெடுப்பில் மக்கள் முறையையே மாற்றினார்கள். 1996 முதல் அங்கே ஆளுக்கு இரண்டு ஓட்டு: ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, ஒன்று கட்சிக்கு. சபையில் ஒரு கட்சியின் பலத்தைத் தீர்மானிப்பது இரண்டாவது ஓட்டு. நம் சட்ட ஆணையமும் 1999-லேயே மக்களவையில் 25 சதவீத இடங்களைக் கூட்டி, அவற்றைக் கட்சிகளின் ஓட்டு விகிதப்படி நிரப்பச் சொன்னது. எந்த அரசும் அதைத் தொடவில்லை.

‘வீண்’ என்ற எண்ணத்தை வளர்ப்பதில் தொலைக்காட்சிகளுக்குப் பெரிய பங்கு. எண்ணிக்கை நாள் முழுக்க ‘முன்னிலை, பின்னடைவு’தான், ஓட்டு சதவீதத்தைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இந்தப் பக்கத்தில் இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது. நீங்கள் அவர்களை நம்பியிருக்க வேண்டாம். தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் உங்கள் தொகுதியின் ‘படிவம் 20’ஐ எடுங்கள். ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் யாருக்கு எத்தனை என்று வரிசையாக இருக்கும்; தபால் ஓட்டு மட்டும் கடைசியில் தனியாக வரும். உங்கள் சாவடி எண்ணுக்கு நேரே பாருங்கள். நீங்கள் போட்ட ஓட்டு அந்த எண்ணிக்கைக்குள்ளேதான் இருக்கிறது.