குழந்தை பிறப்பதற்கு முன்பே வீடு வாங்குவது சரியா?

திருமணமாகி இரண்டு ஆண்டுகள், பிடித்த வீடு கிடைத்திருக்கிறது, குழந்தை இன்னும் இல்லை, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அறைகளை எண்ணுவதற்கு முன் தவணையைப் பாருங்கள். குழந்தை பிறந்தபின் சில மாதங்களாவது ஒருவர் வருமானம் குறையலாம், நின்றும் போகலாம். ஒரே சம்பளத்தில் தவணையைக் கட்டிவிட்டு வீட்டுச் செலவும் செய்ய முடியுமா? இப்போதே ஆறு மாதம் அப்படி வாழ்ந்து பாருங்கள். மிச்சமாகும் பணம் அவசரச் சேமிப்பாகட்டும். முடியவில்லை என்றால், எவ்வளவு அழகான வீடானாலும் வேண்டாம் என்றே சொல்வேன்.

அறை குறைவாக இருந்தால் பரவாயில்லை. கைக்குழந்தை முதல் ஆண்டில் பெற்றோர் அறையில்தான் தூங்கும்.

பாதுகாப்பில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பால்கனிக் கம்பிகளின் இடைவெளியை அளந்து பாருங்கள். பல நாடுகளின் கட்டட விதிகள் சுமார் 10 செ.மீ.க்கு மேல் அனுமதிப்பதில்லை. பழைய வீடென்றால் சுவர் வண்ணத்தில் ஈயம் இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை. உரிந்த வண்ணத்தின் தூசு தவழும் குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போகும். கர்ப்ப காலத்தில் அதைச் சுரண்டும் வேலையே கூடாது. அதனால் பழுதுபார்ப்பு தேவைப்படும் வீட்டை, அந்த வேலை முழுவதும் முன்கூட்டியே முடியும் என்றால் மட்டும் வாங்குங்கள்.