பரணில் கிடைத்த மரச்சிற்பம் பழையதா, என்ன விலை பெறும்?

சேலத்து வீட்டின் பரணில் கிடைத்த, யாளி என்னும் கற்பனை விலங்கு செதுக்கிய மரப்பலகை எவ்வளவு பழையது, என்ன விலை போகும் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அதன் பின்புறத்தைப் பாருங்கள். கோயில் தேரிலிருந்து கழன்ற பலகையானால், அடுத்த மரத்தில் செருகும் முளையோ அதற்கான துளையோ, கை உளி விட்ட சீரற்ற பள்ளங்களோ, இடுக்குகளில் எண்ணெயும் தூசியும் இறுகிய கருமையோ தென்படக்கூடும். சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டியின் மரச்சிற்பிகள் இன்றும் இத்தகைய உருவங்களை அருமையாகச் செதுக்குகிறார்கள். ஆகவே முன்பக்க அழகை மட்டும் வைத்துக் காலத்தைச் சொல்ல முடியாது. தயவுசெய்து சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள், வார்னிஷும் பூசாதீர்கள். பழைய மேற்பரப்பு போனால் மதிப்பில் பெரும்பகுதி போய்விடும்.

விலையைவிட முக்கியம், அது உங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்பது. கோயிலுடையதாக இருந்தால் விற்கும் உரிமை உங்களுக்கு இல்லை. நூறாண்டு கடந்ததானால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது.