இரவு 11 மணிக்கு மேல் டேக்அவே: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: டேக்அவேயை இரவில் இன்னும் கொஞ்ச நேரம் திறந்து வைக்கலாமா? கடைக்காரர்களும் எழுதியிருக்கிறார்கள், கடைக்கு மேல் மாடியில் தூக்கம் கெட்டவர்களும் எழுதியிருக்கிறார்கள். இங்கிலாந்து, வேல்ஸ் சட்டப்படி பதில் சொல்கிறேன்.

எங்கள் லைசென்ஸில் இரவு 2 மணி வரை என்று தெளிவாக இருக்கிறது. இப்போது 12 மணிக்கே மூடச் சொல்லி கவுன்சிலிலிருந்து கடிதம். லைசென்ஸ் கொடுத்ததும் அதே கவுன்சில்தானே? (ஹாரோ)

கவுன்சில் ஒன்றுதான், இலாகா வேறு. உங்களுக்கு வந்திருப்பது பிளானிங் (கட்டடத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று அனுமதி தரும்) பிரிவின் கடிதம். கடைக்கு டேக்அவே அனுமதி கொடுத்தபோதே பிளானிங்கில் நேரக் கட்டுப்பாடு போட்டிருப்பார்கள். லைசென்ஸ் ஒரு நேரமும் பிளானிங் வேறு நேரமும் சொன்னால், எது முன்னதாக மூடச் சொல்கிறதோ அதற்குத்தான் கட்டுப்பட வேண்டும். அந்த பிளானிங் நிபந்தனையை மாற்ற, பிளானிங் சட்டத்தின் 73ஆம் பிரிவின் கீழ் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அது வரும் வரை 12 மணிக்கு மூடுங்கள். ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன், மறுபடியும் எழுதுகிறேன்: லைசென்ஸ், பிளானிங் அனுமதி, இந்த இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

11 மணிக்குப் பிறகு சாண்ட்விச்சும் குளிர்பானமும் மட்டும் விற்றால் லைசென்ஸ் வேண்டுமா? (லெஸ்டர்)

வேண்டாம். இரவு 11 முதல் காலை 5 வரை சூடான உணவு, சூடான பானம் விற்பதற்குத்தான் லைசென்ஸ். ஆனால் வாடிக்கையாளர் சூடாக்கிக்கொள்ள ஒரு மைக்ரோவேவை ஓரத்தில் வைத்தீர்களானால் அதுவும் சூடான உணவுதான். பிளானிங் நேரம் எப்படியும் பொருந்தும்.

ஷட்டரை இறக்கிவிட்டு டெலிவரி மட்டும் செய்கிறோம். கடை மூடியதாகத்தானே கணக்கு? (ஈஸ்ட் ஹாம்)

இல்லை. கடையிலிருந்து சூடான உணவு வெளியே போகிறதா என்பதுதான் கேள்வி. வாசலில் வாடிக்கையாளர் நின்று வாங்கினாலும், மோப்பட்டில் போனாலும் ஒன்றுதான். லைசென்ஸ் இல்லாமல் இதைத் தொடராதீர்கள்.

என் கடையை எத்தனை மணி வரை திறக்கலாம்? உடனே பதில் தேவை.

எந்த ஊர், லைசென்ஸ் இருக்கிறதா, பிளானிங் அனுமதியில் என்ன இருக்கிறது, மேலே வீடு உண்டா, ஒன்றுமே எழுதவில்லை. இரண்டு தாளையும் எடுத்துப் படித்துவிட்டு மீண்டும் எழுதுங்கள்.

ஏஜென்ட் ஒருவர் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தார். இரவு 1 மணி வரை கிடைத்தது, சந்தோஷம். ஆனால் லைசென்ஸின் பின்பக்கத்தில் 16 நிபந்தனைகள் இருக்கின்றன. நாங்கள் கேட்காத நிபந்தனைகள் எங்கிருந்து வந்தன? (குரோய்டன்)

நீங்கள் கேட்டவைதான். உங்கள் பெயரில் ஏஜென்ட் கேட்டார்.

குற்றமும் ஒழுங்கின்மையும் தடுத்தல், பொதுப் பாதுகாப்பு, அக்கம்பக்கத்துக்குத் தொல்லை வராமல் தடுத்தல், குழந்தைகளைக் காத்தல் ஆகியவை 2003ஆம் ஆண்டு லைசென்சிங் சட்டத்தின் நான்கு நோக்கங்கள். இந்த நான்குக்கும் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எழுத விண்ணப்பத்தில் இடம் இருக்கிறது. அதில் எழுதுவதைத்தான் கவுன்சில் எடுத்து நிபந்தனையாக்குகிறது. பல ஏஜென்ட்டுகள் ஏதோ ஒரு நைட்கிளப்புக்கு எழுதியதை அப்படியே எடுத்து, மூன்று பேர் வேலை செய்யும் டேக்அவேக்குப் போட்டுவிடுகிறார்கள். தினமும் டோர்மேன் (வாசல் காவலாளி), 31 நாள் சிசிடிவி பதிவு, அதை எடுத்துக் கொடுக்கத் தெரிந்தவர் எந்நேரமும் கடையில் இருக்க வேண்டும், ஒவ்வொரு சம்பவத்துக்கும் பதிவேடு. படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஒரு சனிக்கிழமை இரவு அதிகாரி வந்து டோர்மேன் எங்கே என்று கேட்டால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான், ஏஜென்ட் அல்ல. நிபந்தனையை மீறி விற்பது குற்றம். வரம்பில்லாத அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்று சட்டத்தில் இருக்கிறது.

கவுன்சிலின் லைசென்ஸ் விசாரணை (ஹியரிங்) ஒன்றில் நான் உட்கார்ந்திருந்தபோது, உங்கள் ஏழாவது நிபந்தனை என்ன என்று கடைக்காரரைக் கேட்டார்கள். நேர்மையான உழைப்பாளி, பதினைந்து வருடம் கடை நடத்தியவர். அவருக்குத் தெரியவில்லை. அந்த ஏஜென்ட் அன்று வரவே இல்லை. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் அது.

இன்னொரு வருத்தமும் உண்டு. 16 நிபந்தனை இருந்தும், பக்கத்து வீட்டுக்காரர் தூங்க உதவுவது அதில் ஒன்றுகூட இருக்காது. அவர் தூக்கத்தைக் கெடுப்பது சமையலறைப் புகைபோக்கி விசிறியின் அதிர்வு, நள்ளிரவில் குப்பைத்தொட்டியில் பாட்டில் கொட்டும் சத்தம், இன்ஜினை அணைக்காமல் நிற்கும் டெலிவரி மோப்பட், அடிக்கடி அடித்துச் சாத்தும் பின்கதவு. 11 மணிக்கு மேல் பின்கதவு மூடியிருக்கும், காலை 7 மணி வரை குப்பை வெளியே போகாது, ரைடர்கள் முன்பக்கம் இன்ஜினை அணைத்துவிட்டு நிற்பார்கள், அக்கம்பக்கத்தாருக்கு மேனேஜரின் போன் நம்பர் கொடுக்கப்படும். இப்படி நாலு வரி, உங்களால் தினமும் செய்ய முடிந்த நாலு வரி போதும்.

இப்போது என்ன செய்யலாம்? நிறைவேற்ற முடியாதவற்றை எடுக்கச் சொல்லி மாற்ற விண்ணப்பம் போடுங்கள். அது முடியும் வரை 16ஐயும் கடைப்பிடியுங்கள். இனி எழுதாத, படிக்காத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

லைசென்ஸில் சிறிய மாற்றம் கேட்கும் விண்ணப்பம் 89 பவுண்டுதான். அதில் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள முடியுமா? (ஸ்லவ்)

டேக்அவே நேரத்துக்குச் சட்டம் அடியோடு மறுக்கவில்லை, மது விற்கும் நேரத்துக்குத்தான் கதவு மூடியிருக்கிறது. ஆனாலும் அருகில் வீடுகள் இருந்தால் பெரும்பாலும் நிராகரிப்பார்கள். முழு மாற்ற விண்ணப்பமே போடுங்கள்.

புத்தாண்டு இரவு மட்டும் கூடுதல் நேரம் வேண்டும்.

தற்காலிக நிகழ்வு அறிவிப்பு (Temporary Event Notice) கொடுங்கள், சுமார் 20 பவுண்டு. பத்து முழு வேலை நாள் முன்னதாகக் கவுன்சிலுக்குப் போய்ச் சேர வேண்டும். கிறிஸ்துமஸ் விடுமுறைகள் கணக்கில் வராது, ஆகவே டிசம்பர் தொடக்கத்திலேயே அனுப்புங்கள்.

கிளாஸ்கோவில் கடை வைத்திருக்கிறேன். இதே விதிதானா?

இல்லை. ஸ்காட்லாந்தில் 1982ஆம் ஆண்டு வேறு சட்டம், வேறு லைசென்ஸ். உள்ளூர் கவுன்சிலைக் கேளுங்கள்.

நான் கடைக்காரர் அல்ல. கீழே இருக்கும் டேக்அவே காலை 3 மணி வரை கேட்கிறது, வாசலில் நீல நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். பெயர் சொல்லாமல் எதிர்க்கலாமா? (டூட்டிங்)

பொதுவாக முடியாது. உங்கள் பெயரும் முகவரியும் விண்ணப்பதாரருக்குப் போகும். 28 நாள்தான் அவகாசம், கடைசித் தேதி நோட்டீஸிலேயே இருக்கும். வீட்டு விலை இறங்கும், பார்க்கிங் கிடைக்காது என்று எழுதினால் எடுபடாது. நான்கு நோக்கங்களோடு ஒட்டி எழுதுங்கள்: எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன சத்தம், எந்த அறையில் கேட்டது. இரண்டு வாரம் குறித்து வைத்தால் உங்கள் கடிதத்துக்குப் பலம் வரும். கடையின் பிளானிங் நேரத்தையும் கவுன்சில் இணையதளத்தில் பாருங்கள். இரண்டு தாள் விஷயம் உங்களுக்கும் பொருந்தும்.

ஆறு பேர் எதிர்த்து எழுதியிருக்கிறார்கள், ஹியரிங் வரப்போகிறது. வக்கீல் வைக்கட்டுமா? (மில்டன் கீன்ஸ்)

கட்டாயமில்லை. முதலில் அந்த ஆறு பேரையும் பாருங்கள். நோட்டீஸ் ஒட்டும் முன்பே போயிருக்க வேண்டும், சரி, இப்போதாவது போங்கள். 2 மணி கேட்ட இடத்தில் வெள்ளி, சனி மட்டும் 1 மணி, மற்ற நாள் 12 என்று இறங்கி வாருங்கள். எல்லோரும் ஒத்துக்கொண்டால் ஹியரிங்கே இல்லாமல் முடிக்கலாம். ஒருவர் மறுத்தாலும் ஹியரிங் நடக்கும், ஆனால் நீங்கள் வீடு வீடாகப் போய்ப் பேசியதை முடிவெடுக்கும் கவுன்சில் குழுவிடம் சொல்லலாம். முடிவு பாதகமாக வந்தால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அப்பீல் செய்ய 21 நாள் உண்டு. நாள் எண்ணுவது முடிவு உங்களுக்கு அறிவிக்கப்பட்ட தேதியிலிருந்து, அதனால் அந்தக் கடிதத்தைப் பிரிக்காமல் கல்லாவுக்கு அடியில் வைத்துவிடாதீர்கள்.