மொட்டை மாடிக்கு முன்னால் பில்லரைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் அடுக்குமாடி 1996-ல் கட்டியது. கீழே கார் நிறுத்தம், மேலே நான்கு மாடி. மேல் வீடுகளில் வெயில் தாங்கவில்லை என்று, மொட்டை மாடியில் 2 அங்குலம் கான்கிரீட் போட்டு கூல் டைல்ஸ் ஒட்டலாம் என்கிறது அசோசியேஷன். இன்னொருவர், நிலநடுக்கம் வந்தால் ஆபத்து என்று கீழ் பில்லர்களுக்கு ஜாக்கெட்டிங் (சுற்றிலும் புதுக் கம்பி கட்டி, கான்கிரீட் போட்டுப் பருமனாக்குவது) செய்யக் கொட்டேஷன் வாங்கி வந்துவிட்டார். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது. எது முதலில்?
– வாசகி, சென்னை

பதில்: இப்போதைக்கு இரண்டு திட்டத்தையும் மடித்து வையுங்கள்.

ஜாக்கெட்டிங் என்றவரைக் கேலி செய்ய வேண்டாம். 2001 ஜனவரியில் பூஜ் நிலநடுக்கத்தின்போது, 200 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் விழுந்தன. உங்களுடையதைப் போலக் கீழ்த்தளம் திறந்திருந்தவை அவற்றில் நிறைய. மேல் மாடிகளைச் சுவர்கள் இறுக்கிப் பிடிக்கும்; கீழே வெறும் கால்கள்தான், ஆட்டம் முழுக்க அங்கேதான் இறங்கும். சென்னையை நிலநடுக்க ஆபத்து குறைந்த இரண்டாம் மண்டலத்திலிருந்து மிதமான மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றியதே 2002-ல்தான். உங்கள் கட்டடம் அதற்கு முந்தியது.

ஆனால் கொட்டேஷன் கொடுத்த காண்டிராக்டர் எதைச் சோதித்துவிட்டு விலை சொன்னார்? முதல் செலவு, அவரோடு சம்பந்தமில்லாத ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயருக்கு. ஐ.எஸ். 15988 (பழைய கான்கிரீட் கட்டடம் நிலநடுக்கத்தைத் தாங்குமா என்று பார்ப்பதற்கான இந்தியத் தரநிலை) முறைப்படி மதிப்பீடு என்று எழுதி வாங்குங்கள். கான்கிரீட்டின் பலம், உள்ளே கம்பியின் துரு இரண்டையும் அவர் சோதிக்க வேண்டும். கடல் காற்று ஊரில் துருவைச் சுத்தம் செய்யாமல் ஜாக்கெட் போடுவது, சீழ் வைத்த புண்ணுக்கு மேலே கட்டுப் போடுவது மாதிரி. புதுக் கம்பி அஸ்திவாரத்தில் எப்படிப் பிடிக்கும், மேலே பீமோடு எப்படிச் சேரும் என்று வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் பில்லர் பருக்கும், அவ்வளவுதான்.

சில பில்லர்களுக்கு இடையே அஸ்திவாரத்திலிருந்து முழுச் சுவர் எழுப்பும் வழியும் உண்டு. இரு திசையிலும் சமமாக அமைய வேண்டும். ஒரே பக்கம் கட்டினால் கட்டடம் முறுக்கிக்கொள்ளும். நாலைந்து கார் இடம் போகும், கூட்டத்தில் சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும்! வாட்ச்மேன் அறைக்கென்று பில்லரை ஒட்டி அரைச்சுவர் மட்டும் கட்டிவிடாதீர்கள். அசையும் நீளம் குறைந்த பில்லர்தான் முதலில் உடையும்.

சரி, வெயிலுக்கு வருவோம். 2 அங்குல கான்கிரீட் சதுர மீட்டருக்குச் சுமார் 120 கிலோ. 2,000 சதுர அடி மாடி என்றால் 22 டன். எடை கூடக் கூட நிலநடுக்க விசையும் கூடும். அதை உச்சியில் ஏற்றுவதுதான் இருப்பதிலேயே மோசம். பழைய தட்டு ஓட்டு விரிசலை அடைத்துவிட்டு, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடியுங்கள். எடை இல்லை, செலவும் குறைவு. அழுக்குப் படிந்தால் பலன் குறையும், சில வருடத்துக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டும். குளிர்ச்சி கிடைப்பது மேல்மாடிக்கு மட்டும் என்பதால் பங்குத்தொகையை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

கேள்வி: வாடகை வீடு, கூரையைத் தொட முடியாது. குறைந்த மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி. மோட்டார் ஃபேன் வாங்கினால் லாபமா?

பதில்: லாபம்தான். பழைய ஃபேன் சுமார் 75 வாட், இது 30 வாட். தினம் 12 மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனுக்கு மாதம் 16 யூனிட் மிச்சம். வீடு மாறும்போது மறக்காமல் கழற்றி எடுத்துப் போங்கள்.