வாசகர் கேள்வி: ஆயுள் முழுவதும் ஒரே அணியா?

கேள்வி: பெர்லினில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன், தன்னுடன் பணிபுரியும் ஜெர்மானியப் பெரியவர் ஒருவரைப் பற்றி அடிக்கடி சொல்வான். சிறுவயது முதல் அவர் யூனியன் பெர்லின் என்ற கால்பந்து அணியின் ரசிகராம். அந்த அணியோ பெரிதாக எதையும் வென்றதில்லையாம். ஜெயிக்கும் அணிகள் எத்தனையோ இருக்க, இப்படி ஒட்டிக்கொண்டிருப்பது எதனால்?
- வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: எதையும் வென்றதில்லை என்று சொல்லிவிட முடியாது, 1968-இல் கிழக்கு ஜெர்மனியின் கோப்பையை அந்த அணி வென்றிருக்கிறது. ஆனாலும் உங்கள் கேள்வி நியாயமானதே. அதே நகரில் ரகசியப் போலீசின் ஆதரவு பெற்ற டைனமோ அணி 1979 முதல் 1988 வரை தொடர்ந்து பத்து முறை லீக் பட்டத்தைத் தட்டிச் சென்றபோது, யூனியன் முதல் பிரிவுக்கும் இரண்டாம் பிரிவுக்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. டைனமோவின் பக்கம் போவது எளிது. போகாமல் இருப்பதே ஒரு வகை எதிர்ப்பாக இருந்தது. ஃப்ரீ கிக் அடிக்கும் நேரத்தில் எதிரணி வீரர்கள் வரிசையாக நின்று தடுப்பார்கள் அல்லவா, அதற்குச் சுவர் என்றே பெயர். "சுவர் ஒழியட்டும்" என்று யூனியன் ரசிகர்கள் கத்துவார்கள். பெர்லின் சுவர் நின்றிருந்த ஊரில் அதற்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். காவலர் கேட்டால், ஆட்டத்தைத்தான் சொன்னோம் என்று தப்பித்துக்கொள்ளலாம்.

நாடு ஒன்றான பிறகு வந்த தொல்லை பணத்தட்டுப்பாடு. 2004-இல் ரசிகர்கள் இரத்த தானம் செய்து, அதற்குக் கிடைத்த சிறு தொகையைக் கழகத்துக்குக் கொடுத்தார்கள். 2008-இல் அரங்கத்தின் படிக்கட்டுகள் சிதைந்துகொண்டிருந்தபோது, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், கட்டட வேலை தெரிந்தவர்களும் தெரியாதவர்களுமாக, கூலி வாங்காமல் ஏறத்தாழ 1,40,000 மணி நேரம் உழைத்து அதைப் புதுப்பித்தார்கள். அங்கே இன்றும் பெரும்பாலோர் நின்றுகொண்டுதான் ஆட்டம் பார்க்கிறார்கள். ஏறத்தாழ 22,000 பேருக்கு இடமுள்ள அரங்கில் இருக்கைகள் நாலாயிரத்துக்கும் குறைவு. தன் கையால் சிமெண்ட் பூசிய படியில் நிற்பவரிடம், அணி தோற்கிறதே, வேறு அணியைப் பாருங்கள் என்று சொல்வது, மழைக்கு ஒழுகுகிறதே என்று சொந்த வீட்டை விட்டுவிடச் சொல்வதைப் போன்றது.

2019-இல் யூனியன் முதன்முறையாக ஒன்றுபட்ட ஜெர்மனியின் முதல் பிரிவுக்கு உயர்ந்தது. ஆகஸ்ட் 18 அன்று லைப்சிக் அணியுடன் நடந்த முதல் ஆட்டத்துக்கு ரசிகர்கள், அந்த நாளைக் காணாமலே இறந்துபோன தங்கள் தந்தை, தாத்தா, நண்பர் ஆகியோரின் முகங்களைப் பெரிதாக அச்சிட்டு எடுத்து வந்து, கூட்டத்தின் நடுவே உயர்த்திப் பிடித்தார்கள். நானூறுக்கும் மேற்பட்ட முகங்கள். யூனியன் அன்று 0-4 என்று தோற்றது. அதற்காக யாரும் அந்தப் படங்களைச் சுருட்டி வைத்ததாகத் தெரியவில்லை.

அரங்கத்துக்கு வெளியே, கட்டடத் தொழிலாளர் அணியும் தலைக்கவசத்தின் வடிவில் ஒரு பெரிய சிவப்பு நினைவுச்சின்னம் இருக்கிறது. அதில் உழைத்தவர்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். 2008-இல் அங்கே வேலை செய்தீர்களா என்று அந்தப் பெரியவரைக் கேட்டுப் பார்க்கும்படி உங்கள் அண்ணன் மகனிடம் சொல்லுங்கள்.