கேக்கைத் தின்றது யார்?

கேள்வி: எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறேன் அக்கா. கனடா எழுத்தாளர் மார்கரெட் அட்வுட்டின் ‘தி எடிபிள் வுமன்’ (தின்னத் தகுந்த பெண்) நாவல் எங்களுக்குப் பாடம். நாயகி மரியனால் சாப்பிட முடியாமல் போவது நுகர்வுக் கலாசாரத்துக்கு எதிரான போராட்டம் என்று நோட்ஸில் போட்டிருக்கிறது. நாவலைப் படித்தால் அப்படித் தோன்றவில்லையே?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: நோட்ஸைக் கொஞ்ச நாள் பரண்மேல் போடுங்கள். போராடுகிறவளுக்கு, தான் போராடுகிறோம் என்பது தெரியும். மரியனுக்குத் தெரியாது. பீட்டரைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்த பிறகு, ஒருநாள் ஓட்டலில் அவன் மாட்டிறைச்சித் துண்டை நறுவிசாக அறுத்துச் சாப்பிடுகிறான். அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறவளுக்கு, சமையல் புத்தகத்தில் பசுவின் உடம்பைக் கோடு போட்டுப் பிரித்துக் காட்டும் படம் நினைவுக்கு வருகிறது. அன்றைக்கு இறைச்சி இறங்கவில்லை. அப்புறம் முட்டை, அதற்கப்புறம் கேரட் என்று ஒவ்வொன்றாய் நின்றுபோகிறது. மனசு ‘சரி’ என்று தலையாட்டிவிட்டது, வயிறு ஆட்டவில்லை.

ஆனால் எல்லோரும் தாண்டிப் போகும் ஒரு விஷயம் இருக்கிறது. மரியனுக்கு என்ன வேலை? சந்தை ஆய்வு நிறுவனத்தில் சர்வே கேள்விகளைச் சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி திருத்தி எழுதுவது. அந்த ஆபீஸை அவள் ஐஸ்கிரீம் சாண்ட்விச்சோடு ஒப்பிடுவாள். மேல்மாடியில் ஆண் அதிகாரிகள், கீழ்மாடியில் எந்திரங்கள், நடுவில் கொழகொழவென்று இவளும் மற்றப் பெண்களும். பெண்களை அளந்து விற்பனைக்காரர்களுக்குக் கொடுப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். ஏமாந்த வாடிக்கையாளர் என்று அவளை எழுதினால் மார்க் விழலாம், ஆனால் அது நாவல் இல்லை.

எனக்கு இது உறைத்ததற்குக் காரணம் உண்டு. 1986-ல், கல்யாணத்துக்கு முன்னால், மதுரையில் எட்டு மாதம் வீடு வீடாகப் போய்ச் சலவைத்தூள் சர்வே எடுத்தேன். செல்லூரில் ஒரு அம்மா, தறிச்சத்தத்துக்கு நடுவே, ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். விரல் நுனியெல்லாம் வெடிப்பு. “வெண்மைக்கு ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எத்தனை மதிப்பெண்?” என்று கேட்டேன். “எங்க வீட்டில வெள்ளைத் துணியே கிடையாதே தாயி” என்றார். பாரத்தில் அந்தப் பதிலுக்குக் கட்டமே இல்லை. விரல் வெடிப்புக்கும் இல்லை. ‘நாலுன்னு வட்டம் போடும்மா’ என்றார் மேற்பார்வையாளர். போட்டேன். அந்த நாலும் கணக்கில் சேர்ந்து எங்கேயோ ஒரு விளம்பரத்துக்கு உரமாகியிருக்கும்.

நாவலில் ஒரு சூப்பர் மார்க்கெட் காட்சி வரும், திரும்பப் படியுங்கள். ஒளித்து வைத்த ஒலிபெருக்கியில் மெல்லிசை. இசை கேட்டால் பசு அதிகம் பால் கறக்கும் என்று எங்கோ படித்தது மரியனுக்கு ஞாபகம் வருகிறது. இசை எதற்கென்று தொழில்முறையில் தெரிந்தவள் அவள். தெரிந்தும், பளபளக்கும் லேபிளைப் பார்த்தால் கை பரபரக்கிறது. அதனால்தான் முன்கூட்டியே பட்டியல் எழுதிக்கொண்டு போகிறாள். சூட்சுமம் தெரிந்தவளுக்கும் கை நீளுகிறது என்கிற இடம்தான் எனக்கு நாவலின் உயிர்நாடி.

கேள்வி: கடைசியில் மரியன் பெண் வடிவத்தில் கேக் செய்து, அதைத் தானே தின்கிறாள். இது வெற்றியா, தோல்வியா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: கேக்குக்கு முன்னால் பியூட்டி பார்லருக்குப் போய் வாருங்கள். பீட்டரின் விருந்துக்காக முடி அலங்காரம் செய்துகொள்கிறாள் மரியன். அங்கே தலையைக் கேக் மாதிரி பாவித்து, மேலே பூசி அலங்கரிக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றுகிறது. சிவப்பு உடை வேறு. விருந்தில் பீட்டர் கேமராவைத் தூக்கியதும் ஓடியே போகிறாள். பிறகுதான் அடுப்படிக்கு வந்து, தனக்குச் செய்ததையெல்லாம் மாவுக்குச் செய்கிறாள். பெண் உருவம், இளஞ்சிவப்புப் பூச்சில் ஒரு உடை, சுருள்முடி. அதைப் பீட்டர் முன்னால் நீட்டுகிறாள். அவன் தின்னாமல் கிளம்பிவிடுகிறான். இவளுக்கோ பசிக்கிறது! எத்தனையோ நாளைக்கப்புறம் வந்த நிஜப் பசி. காலிலிருந்து ஆரம்பிக்கிறாள்.

அறைத்தோழி எய்ன்ஸ்லி வந்து, ‘உன் பெண்மையையே மறுக்கிறாயே’ என்று பதறுகிறாள். மரியனின் பதில், இது வெறும் கேக். பரீட்சையில் குறியீடு, படிமம் என்று நாலு பக்கம் எழுதுகிறோம், அதைச் செய்தவளே அந்தப் பட்டத்தைத் தூக்கிக் குப்பையில் போடுகிறாள். இந்தக் குறும்புக்காகவே அட்வுட்டைப் பிடிக்கும்.

வெற்றி என்று எண்ணச் சொன்னால் ஒன்றைத்தான் எண்ணுவேன். முதல் பகுதியில் ‘நான்’ என்று கதை சொன்னவள், இரண்டாம் பகுதி முழுக்க ‘அவள்’ ஆகிவிடுகிறாள். கேக்குக்குப் பிறகு வரும் சின்ன மூன்றாம் பகுதியில் ‘நான்’ திரும்பி வருகிறது. வேலை? புருஷன்? அதற்கெல்லாம் நாவல் பதில் சொல்லவில்லை. மிச்சக் கேக்கை டங்கன் என்கிற சோம்பேறி மாணவன் உட்கார்ந்து தின்று தீர்க்கிறான். இன்னொரு ஆண்பிள்ளைதான், கவனித்தீர்களா?

கேள்வி: 1969-ல் வந்த நாவல். பெண்ணிய அலையைப் பார்த்து எழுதியதுதானே?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: இல்லை. எழுதியது 1965-ல், அட்வுட்டுக்கு அப்போது இருபத்தைந்து வயதுதான். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வெற்றுத் தேர்வு விடைத்தாள்களில் எழுதினார். அமெரிக்கப் பெண்ணிய எழுத்தாளர் பெட்டி ஃப்ரீடன், 1963-ல் வந்த தன் புத்தகத்தில் இல்லத்தரசிகளிடம் பொருளைத் தள்ளிவிடும் விளம்பர ஆய்வாளர்களுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருந்தார். அட்வுட் அதைப் படித்தவர்தான். ஆனால் இயக்கமாய் எதுவும் கண்ணில் தெரியாத காலம் அது என்பதால், தன் நாவலைப் பெண்ணியத்துக்கு முந்தையது என்றே சொல்வார். அப்படியானால் நாலு வருஷம் எங்கே போச்சு என்கிறீர்களா? பதிப்பகத்தார் கையெழுத்துப் பிரதியை எங்கேயோ வைத்துவிட்டு மறந்துபோனார்கள்.