வசனம் மாறாமல் சொல்வது எப்படி?

கேள்வி: ஜெபக்கூட்டத்தில் வேதாகம வசனங்களை நினைவிலிருந்தே சொல்கிறேன். பொருள் மாறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: பயம் நியாயமானதே. ஒரே சொல் விழுந்தாலும் பொருள் புரண்டுவிடும். 1 தீமோத்தேயு 6:10 சொல்வது ‘பண ஆசை’. பலர் சொல்வதோ ‘பணம் எல்லாத் தீமைக்கும் வேர்’. மூலக் கிரேக்கத்திலும் அங்கே பண ஆசையைக் குறிக்கும் சொல்தான் உள்ளது. அதே அதிகாரத்தின் 17, 18 வசனங்கள் ஐசுவரியவான்களைப் பணத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதன்மேல் நம்பிக்கை வைக்காமல் தாராளமாய்க் கொடுக்கச் சொல்கின்றன.

சொற்கள் சரியாக இருந்தும் பொருள் மாறுவதுண்டு. இதுதான் அதிகம் நடக்கிறது. ‘கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு’ என்னும் பிலிப்பியர் 4:13-ஐத் தேர்வு வெற்றிக்கும் தொழில் வெற்றிக்கும் எடுத்துக்கொள்கிறார்கள். 11, 12 வசனங்களையும் சேர்த்துப் படியுங்கள்: பசியிலும் நிறைவிலும் மனரம்மியமாய், அதாவது மனநிறைவோடு, இருப்பதைப் பற்றியல்லவா அந்த நிருபத்தை எழுதிய பவுல் சொல்கிறார்! தேவனுடைய நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்னும் எரேமியா 29:11-ஐச் சொல்லும்போது, 10-ஆம் வசனம் சொல்லும், யூதர்கள் சிறைப்பட்டிருந்த 70 வருட பாபிலோன் வாசம் விடுபடக் கூடாது.

எனவே, புத்தகத்தைத் திறந்தே வாசியுங்கள். முன்னும் பின்னும் குறைந்தது ஐந்து வசனங்களைப் பாருங்கள். வசன எண்கள் மூலத்தில் இல்லாதவை, புதிய ஏற்பாட்டில் இன்றுள்ள எண்கள் 1551-இல் வந்தவை. இரண்டு மொழிபெயர்ப்புகளை ஒப்பிடுங்கள், ஆனால் பிடித்த பாதியை இதிலும் மீதியை அதிலும் எடுத்து ஒட்டாதீர்கள். உங்கள் விளக்கம் தொடங்கும் இடத்தில், “இது என் விளக்கம்” என்று சொல்லிவிடுங்கள்.